ஏழு மணி ஊசி

ஜனவரி 22, திங்கள்

டயர் கடைக்காரர் வருடாவருடம் ஒரு டைரி கொடுப்பார். இதுவரை அதில் என் டிரைவிங் ஸ்கூல் பழகுநர்களின் வகுப்பு நேரத்தைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இந்த வருடம் எழுதலாம் என்று தோன்றுகிறது. வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கும். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டியதில்லை.

இன்று தாரணியும் நானும் ஈரோடு போய் வந்தோம். கல்யாணமாகி நான்கு வருடம். டாக்டர் வசுமதி இருவருடைய ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தாரணிக்குக் குறை ஒன்றுமில்லை, கருமுட்டை இருப்பு வயதுக்கு மேலேயே இருக்கிறது. எனக்குத்தான் விந்தணு மிகக் குறைவு.

"ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா? சுகர், பிரஷர், முடி கொட்டறதுக்கு, ஜிம்முக்கு?"

"இல்லீங்க டாக்டர்."

தாரணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எனக்கு ஒரு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை எழுதினார். எங்கள் ஊர் கோபியிலேயே எடுத்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

திரும்பும் வழியில் தாரணி சொன்னாள்: "மாமா, உங்க ரிப்போர்ட்டப் பத்தி அத்தைகிட்டச் சொல்ல வேண்டாம். எனக்குத்தான் முட்டை சரியா வளர்றதில்லைன்னு சொல்லிக்கறேன். உங்கள யாராச்சும் ஒரு மாதிரியாப் பாத்தா எனக்குத் தாங்காது."

சரி என்றேன். அவள் கியர் மேலிருந்த என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஜனவரி 28, ஞாயிறு

ஜிம். பயிற்சியாளன் தினகர் வழக்கம்போல உள்ளறையில் ஊசியைத் தயாராக வைத்திருந்தான்.

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பத்து நாளுக்கு ஒரு முறை, தொடையில். டெஸ்டோஸ்டீரான். இரண்டு வருடமாக. ஆரம்பத்தில் தினகர் போட்டுவிட்டான், பிறகு நானே போடக் கற்றுக்கொண்டேன். முப்பத்தோரு வயதுவரை ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவன் நான். டிரைவிங் கற்றுக்கொள்ள வந்த கல்லூரிப் பையன்கள் என்னை "தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

அவனிடம் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான்.

"அண்ணா, ஆம்பளைத்தனத்துக்குண்டான மருந்தே இதுதான். இதப் போட்டா எங்கீங்ணா கொறையும்? உங்களுக்கு டோஸ் பத்தலையாட்ட இருக்குது."

கொஞ்சம் கூட்டினோம். நம்பினேன் என்று எழுதினால் பொய். நம்புவது வசதியாக இருந்தது.

பிப்ரவரி 5, திங்கள்

டாக்டர் போனில் ரத்தப் பரிசோதனையைக் கேட்டார். லேபில் இயந்திரம் பழுது என்றேன். அதற்காக ஒரு மாதத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அடுத்த மாதவிலக்கிலேயே ஆரம்பிக்கலாம் என்றார். முட்டைகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் வைப்பார்களாம். என் எண்ணிக்கைக்கு அதுதான் வழியாம்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆரம்பித்தாகிவிட்டது. காலையில் ஸ்கேன். பிறகு நர்ஸ் ஜெசிந்தா அக்கா ஊசி போடச் சொல்லிக் கொடுத்தார். பேனா மாதிரி இருக்கிறது. பின்னால் திருகினால் அளவு வரும். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்தி, அழுத்திவிட்டுப் பத்து எண்ண வேண்டும். தினமும் ஒரே நேரம். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது.

"மாசா மாசம் ஒரு முட்டைதான் வளரும். மத்தது எல்லாம் பாதியில சுருங்கிடும். இந்த மருந்து எல்லாத்தையும் சேத்து வளத்தும்" என்றார் அக்கா. "அதனால வயிறு கனமா இருக்கும், எரிச்சல் வரும், அழுகை வரும். சார்தான் அனுசரிச்சுப் போகணும்."

மாலை ஏழு மணிக்கு வைத்துக்கொண்டோம். தாரணி சின்ன வயதிலிருந்தே ஊசிக்குப் பயந்தவள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"போடுங்க."

"போட்டாச்சு."

கண்ணைத் திறந்து வயிற்றைப் பார்த்தாள். "அட, ஒண்ணுமே தெரியல! எங்கீங் மாமா கத்துக்கிட்டீங்க?"

"யூடியூப்ல பாத்தேன்."

அத்தனை சந்தோஷம் அவளுக்கு. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, மாமா கை வெச்சா வலியே இல்லீங்ம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஊசி, ஏழு மணி. இடது பக்கம்.

பிப்ரவரி 14, புதன்

ஊசி, ஏழு மணி. வலது பக்கம். தாரணிக்குத் தலைவலி. தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு கிழிந்ததற்கு உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்து, "மருந்து அழுகுதுங்க, நா இல்ல" என்றாள்.

காலையில் பழக வந்த வங்கி மேலாளர் அம்மையாருக்கு எட்டு போடச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கம்பங்களைச் சாய்த்தார்.

பிப்ரவரி 16, வெள்ளி

பெரியம்மா வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. நம்பியூர் மண்டபம்.

நலங்கு வைக்கப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தாரணியும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அம்மா அவள் தோளைத் தொட்டு, "கண்ணு, நீ பந்திப் பக்கம் போயிப் பாரு, ஆளு பத்தலயாமா" என்றாள். சத்தமில்லாமல், அன்பாகத்தான் சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது.

தாரணி போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கினாள். உள்ளே முட்டைகள் வளர்ந்து கனத்த வயிற்றோடு மூன்று வரிசைக்குப் பரிமாறினாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பெரியப்பாவோடு டீசல் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு இருவரும் வண்டிக்கு வந்தோம். ஐஸ் டப்பாவில் மருந்து வைத்திருந்தேன். முன் இருக்கையைச் சாய்த்துப் போட்டேன்.

"அம்மா சொன்னத மனசுல வெச்சுக்காத."

"அவங்களுக்கு என்னங் தெரியும்? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள்.

பிப்ரவரி 17, சனி

ஸ்கேன். இரு பக்கமும் சேர்த்து இருபதுக்கும் மேல் வளர்கின்றன. டாக்டர் அளவைக் குறைத்தார். இன்றிலிருந்து காலையில் இன்னொரு ஊசியும் சேர்ந்துவிட்டது. அது எதற்கு என்று தாரணி ஜெசிந்தா அக்காவிடம் கேட்டாள்.

"முட்டை இந்த அளவுக்கு வளந்ததும் மூளை தானா உத்தரவு போட்டுடும், வெடிச்சு வெளிய வான்னு. நாங்க எடுக்கறதுக்கு முன்னாடியே வெடிச்சுட்டா எல்லாம் வீண். இந்த ஊசி அந்த உத்தரவ நிறுத்தி வைக்கும்."

தாரணி ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போனாள். அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஆம்பளைங்களுக்கும் மூளைதான் உத்தரவு போடுமாக்கா?"

"பின்ன? மூளை சொன்னாத்தான் விந்தணு உற்பத்தி ஆகும். இப்பச் சில பேரு ஜிம்முல டெஸ்டோஸ்டீரான் போட்டுட்டு வராங்க. வெளியில இருந்து நிறைய வந்ததும், உள்ள போதும்போல இருக்குதுன்னு மூளை உத்தரவ நிறுத்திடுது. ஆளு பாக்க மலையாட்டம் இருப்பாங்க. டெஸ்ட்டுல ஒண்ணும் இருக்காது."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். சட்டைக் கை இறுக்கமாக இருந்தது.

"ஏன் கேக்கறீங்க சார்?"

"சும்மாதான்."

"விட்டா சரியாயிடுமா" என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். இருபது முட்டைக்கு இருபது. இருபதுகூடவா இருக்காது?

வெளியே தாரணிக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். ஊசி, ஏழு மணி.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஜிம்முக்குப் போகவில்லை. தினகர் மூன்று தடவை கூப்பிட்டான்.

பிப்ரவரி 19, திங்கள்

தாரணியின் வயிற்றில் ஊசி போட இடமில்லை. அங்கங்கே நீலமாகக் கன்றியிருக்கிறது. இன்று சொல்லிவிடலாம் என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மணி ஏழாகிவிட்டது என்றாள் அவள். போட்டேன்.

பிப்ரவரி 21, புதன்

கடைசி ஊசி, இரவு எட்டரைக்கு. நிமிடம் தவறக் கூடாது. அதிலிருந்து சரியாக முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். இது முட்டைகளை முதிரவைக்கும் மருந்து. முட்டை நிறைய இருப்பதால் வயிறு வீங்கலாம், மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

பிப்ரவரி 23, வெள்ளி

பத்தொன்பது முட்டைகள். தாரணி மயக்கம் தெளிந்ததும் முதலில் எண்ணிக்கையைத்தான் கேட்டாள். சொன்னதும் சிரித்தாள்.

என்னிடம் இரண்டு முறை விந்து சாம்பிள் வாங்கினார்கள். இரண்டாவது முறை கொடுத்துவிட்டு அரை மணி நேரம் நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். லேபிலிருந்து வந்தவர், "தேடித் தேடித்தாங்க எடுக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 24, சனி

பத்தொன்பதில் நான்கு கருவாகியிருக்கின்றன. "நாலு போதுங் மாமா. நமக்கு ஒண்ணு போதுமே" என்றாள். வயிறு உப்பியிருக்கிறது. நேற்றைவிட இரண்டு கிலோ கூட.

பிப்ரவரி 26, திங்கள்

தாரணி படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். சிறுநீர் சரியாகப் போகவில்லை. காலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசிக்கு முட்டைப்பை அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டதாம். ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் இறங்கியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு ஊசி. வயிற்றில் குழாய் வைத்து ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள்.

அம்மாவும் வந்து பார்த்தாள். "ஆண்டவன் குடுக்காதத ஊசி போட்டு வாங்க முடியுமா கண்ணு" என்று அவள் தலையைத் தடவினாள். தாரணி ஆக்ஸிஜன் மாஸ்கோடு என்னைப் பார்த்து, வேண்டாம், எதுவும் சொல்லாதீர்கள் என்பதுபோலத் தலையை அசைத்தாள். என்னைக் காப்பாற்றினாள்.

பிப்ரவரி 28, புதன்

நான்கும் வளரவில்லை. ஐந்தாம் நாளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

டாக்டர் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். முட்டைகள் நன்றாக இருந்தன, விந்தணுதான் மிகவும் மோசம் என்றார். "அந்த ஹார்மோன் டெஸ்ட் இன்னும் வரல. அது இல்லாம நான் ஆரம்பிச்சதும் தப்புதான். இப்பவாவது சொல்லுங்க."

சொன்னேன். இரண்டு வருடம், எவ்வளவு, எங்கே, எல்லாம்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார்.

"ஜனவரியில நான் கேட்டப்போ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க ஊசிய நிறுத்திட்டு, உங்களுக்கு மருந்து குடுத்து ஆறு மாசமோ எட்டு மாசமோ காத்திருந்திருப்போம். பெரும்பாலானவங்களுக்குத் திரும்ப வந்துடும். அவங்க ஒடம்புல ஒரு ஊசிகூட ஏற வேண்டிய அவசியம் இல்லாமப் போயிருக்கலாம்."

பிறகு, "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றார்.

நான் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 1, வெள்ளி

சொல்லவில்லை. வீக்கம் வடிகிறது.

மார்ச் 3, ஞாயிறு

நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாலை வெயில் ஜன்னலில் இருந்தது. தாரணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. முழுதும் உரித்து, சுளைகளைத் தட்டில் வைத்தாள்.

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா."

"அதுனாலதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஜனவரியிலேயே சந்தேகம் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். "பதினேழாந்தேதி. அக்கா சொன்னாங்க."

விரலை மடக்கி எண்ணினாள். "அன்னிக்கு ஏழு மணிக்குப் போட்டீங்க. அதுக்கப்பறம் காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஒம்பது தடவ என்ற பக்கத்துல உக்காந்துருக்கறீங்க. ஒரு தடவகூடச் சொல்லத் தோணலீங்களா?"

"தோணுச்சு தாரணி. பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. ஊசின்னா எனக்கு உசுரே போயிரும், உங்களுக்குத் தெரியும். உங்க கை இருக்குதேன்னு வயித்தக் காட்டுனேன்."

நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தபோது சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஆச்சுங்க்கா என்றாள். தட்டில் எல்லாச் சுளைகளும் அப்படியே இருந்தன.

மார்ச் 4, திங்கள்

அவள் தம்பி வந்து அந்தியூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். உடம்பு தேறட்டும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வேறு எதுவும் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் பழி அவள் மேலேயே இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுதும் கேட்டாள்.

"அவ எனக்குத்தான் கொறைன்னு தானா ஒத்துக்கிட்டதுதான சாமி?"

"என்னக் காப்பாத்தறதுக்குச் சொன்னாம்மா."

"செரி, அப்படியே இருந்துட்டுப் போகுது. பொம்பளைக்குன்னா ஊரு ரெண்டு நாளு பேசும், மறந்துரும். நீ வெளிய தெருவுல போய் வர்றவன். யாருகிட்டயும் சொல்லீறாத."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். இதையேதான் நான் இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

திரும்பி வந்து, பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பெரியம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "அந்தப் புள்ளயப் பந்திக்கு அனுப்புனமேடா" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

அந்தியூர் போனேன். மாமனாரிடமும் மாமியாரிடமும் சொன்னேன். மாமனார் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். நான் முடித்ததும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்புட்டுட்டுப் போங்க மாப்ள" என்றார்.

இலை போட்டார்கள். மாமியார் பரிமாறினார். அடிக்க வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாரணி உள்ளறையிலிருந்து வரவேயில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

எனக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை. நின்றுபோன உத்தரவின் இடத்தில் ஊசி, அதை மூளையிலிருந்து மறுபடி வரவைக்க மாத்திரை. தாரணிக்குக் கடைசியாக எட்டரை மணிக்குப் போட்ட அதே ஊசிமருந்துதான் எனக்கும், அளவுதான் வேறு. ஆணுக்கு அது வேறு வேலை செய்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ஜிம் மருந்தை விட்டால் சில மாதம் இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். இன்று ஒரு பழகுநர் மேட்டில் வண்டியை அணைத்துவிட்டதற்குக் கத்திவிட்டேன். கல்லூரிப் பெண். மாலை அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

மே 19, ஞாயிறு

எழுபத்தொன்பது கிலோ இருந்தேன். இப்போது அறுபத்தாறு. சட்டைகள் தொங்குகின்றன.

ஜூன் 9, ஞாயிறு

தாரணி நாளை முதல் பவானியில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் தம்பி சொன்னான். பி.எட். முடித்துவிட்டு என் வீட்டில் நான்கு வருடம் சும்மா இருந்தாள். போகலாமா என்று அவள் ஒருமுறை கேட்டதும், இப்போது எதற்கு, குழந்தை வந்துவிட்டால் விட வேண்டியிருக்கும் என்று நான் சொன்னதும் இன்றுதான் ஞாபகம் வருகிறது.

ஜூலை 12, வெள்ளி

விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் இன்னும் இரண்டு மாதம் என்றார். ரிப்போர்ட்டைத் தாரணிக்குப் போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ரிப்போர்ட் சரியாக வந்துவிட்டது. எல்லா எண்களும் இயல்பான அளவுக்குள். ஜெசிந்தா அக்கா எழுந்து வந்து கை கொடுத்தார். "இனிமே உங்களுக்கு எந்த ஊசியும் வேண்டாம், அவங்களுக்கும் வேண்டாம். இயற்கையாவே ஆகும்" என்றார். பிறகு, "தாரணி எப்படி இருக்கறாங்க?" என்று கேட்டார். நல்லா இருக்கறாங்க என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அந்தியூர். முன்பே சொல்லிவிட்டுத்தான் போனேன். தாரணி கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்து, "எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். மாமியார் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கினாள். ஒவ்வொரு வரியாக, விடைத்தாளைப் படிப்பதுபோலவே படித்தாள்.

"நல்லா வந்துருச்சுங்க" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், முகத்தில் தெரிந்தது.

"அக்கா சொன்னாங்க, இனி உனக்கு ஒரு ஊசியும் தேவையில்லையாமா."

"செரி."

"பெரியம்மாவே வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுச்சு. அம்மாகூட..."

"எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு அது சுளுவா இருந்துருக்காது. எனக்குத் தெரியும்."

தைரியம் வந்தது எனக்கு. "வந்துரு தாரணி."

காகிதத்தை மடிப்பு பிசகாமல் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கங்க மாமா. உங்களுக்குப் பின்னால வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கில்ல."

நான் நின்றுகொண்டேயிருந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அடுத்த தாளை எடுத்து மதிப்பெண் போட ஆரம்பித்தாள். "வெயிலு ஏறறதுக்குள்ள கெளம்புங்க" என்றாள்.

வெளியே வந்து நடந்தேன். தெரு, முக்கு, பேருந்து நிலையம். கோபி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, நடத்துநர் டிக்கெட் கேட்டபோதுதான் நான் காரில் வந்தது ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்ப நடந்தேன். அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமியார் ஏதோ கேட்க, தாரணி பதில் சொல்லும் சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வண்டியைக் கிளப்பாமல், கியரை விடுவித்து, தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனேன்.

இதை எழுதும்போது தெருமுனையில்தான் நிற்கிறேன். இன்னும் சாவியைத் திருகவில்லை.